முதலில் கிடங்குக்குப் போங்கள்: தென்னாப்பிரிக்காவில் இ-லேர்னிங் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

டர்பனில் ஞாயிறு காலை கோயிலில் தீபாராதனை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது, யாராவது ஒரு தம்பியோ தங்கையோ பக்கத்தில் வந்து கேட்பார்கள்: "அண்ணா, எங்க கம்பெனியில பயிற்சி எல்லாத்தையும் ஆன்லைன்ல போடச் சொல்லிட்டாங்க. நான்தான் பண்ணணுமாம். எந்த சாஃப்ட்வேர் கத்துக்கட்டும்?" தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் கேட்கிறார்கள், இங்கேயே ஐந்தாவது தலைமுறையாக இருந்து கோயில் வகுப்பில் தமிழ் படித்த பிள்ளைகளும் கேட்கிறார்கள். செருப்பு மாட்டும் நேரத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

சாஃப்ட்வேர் கேள்விக்குக் கட்டுரையின் பாதிக்கு மேல்தான் வருவேன். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அந்த வேலையைச் செய்யாமல் எந்த சாஃப்ட்வேரைத் திறந்தாலும், ஊழியர்கள் "அடுத்து, அடுத்து" என்று அழுத்திவிட்டுப் போகிற ஒரு ஸ்லைடு வரிசைதான் கிடைக்கும்.

முதல் படி: வேலை நடக்கும் இடத்தில் போய் நில்லுங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு குளிர்பதனக் கிடங்கிலிருந்து எனக்கு ஒரு வேலை வந்தது. உறைந்த காய்கறியும் மீனும் லாரியில் வந்து இறங்கும் இடம். சரக்கு கெட்டுப்போய்த் திரும்பி வருகிறது, ஊழியர்களுக்கு வெப்பநிலை பார்க்கத் தெரியவில்லை, 40 நிமிட கோர்ஸ் ஒன்று செய்து கொடுங்கள் என்றார்கள். குளிர்ச்சங்கிலி (சரக்கு கிளம்பும் இடத்திலிருந்து கடைவரை குளிர் விடாமல் காப்பது) என்றால் என்ன, பாக்டீரியா எப்படிப் பெருகுகிறது என்று ஆரம்பித்து 60 பக்க ஆவணம் ஒன்றையும் அனுப்பியிருந்தார்கள்.

அதைப் படிப்பதற்கு முன் ஒரு நாள் காலை ஐந்து மணிக்கு அங்கே போய் நின்றேன். லாரி பின்னால் வந்து ஒட்டியது. கதவைத் திறந்ததும் வெள்ளைப் புகை மாதிரி குளிர் வெளியே வந்தது. தடித்த கையுறை போட்ட ஒருவர், முதல் வரிசையில் இருந்த இரண்டு அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே தெர்மாமீட்டர் ஊசியைச் செருகினார். எண் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட்டு, தாளில் மைனஸ் 18 என்று எழுதினார். விதிப்படி முன்னால், நடுவில், பின்னால் என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும்.

அவரிடம் கேட்டேன். விதி அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, எனக்கே சொல்லிக்கொடுத்தார். மூன்று லாரி மேடைகளுக்கு இரண்டு தெர்மாமீட்டர். அதில் ஒன்றுக்கு பேட்டரி இல்லை. பக்கத்து மேடைக்காரர் இதற்காகக் காத்து நிற்கிறார். லாரி அதிக நேரம் நின்றால் சூப்பர்வைசருக்கு போன் வரும். இதில் எங்கே "தெரியவில்லை" இருக்கிறது?

கடைசியில் அந்தக் கம்பெனி தெர்மாமீட்டர் வாங்கியது. லாரி இறக்கும் நேரக் கணக்கில் அளப்பதற்கென்று சில நிமிடங்களைச் சேர்த்தது. நான் செய்த கோர்ஸ் ஆறு நிமிடம். மேடைச் சுவரில் ஒட்ட ஒரு படத்தாளும் செய்தேன். கையுறை போட்டவர் போனைத் தொட முடியாது என்பதால், வேலை நேரத்தில் உதவியது அந்தத் தாள்தான்.

அன்றிலிருந்து எந்தக் கோரிக்கை வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கிறேன். தெரியாததால் செய்யவில்லையா? தெரிந்தும் கருவியோ நேரமோ இல்லாததால் செய்யவில்லையா? சரியாகச் செய்தால் திட்டு விழும் என்பதால் செய்யவில்லையா? முதல் கேள்விக்கு ஆமாம் என்றால் மட்டுமே கோர்ஸ். மற்ற இரண்டும் நிர்வாகம் தீர்க்க வேண்டியவை. புதிதாக வந்தவர் இதை மேலதிகாரியிடம் சொல்லத் தயங்குவார், எனக்குப் புரிகிறது. கணக்காக எழுதிக் கொடுங்கள்: எத்தனை லாரி, எத்தனை தெர்மாமீட்டர், ஒருமுறை அளக்க எத்தனை நிமிடம். எண்ணோடு வரும் பேச்சை யாரும் மறியலாக எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாம் படி: ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்

இந்தப் பயிற்சி முடிந்ததும் யார், எந்தத் தருணத்தில், என்ன செய்வார்? இதற்கு ஒரு வாக்கியம். "ஊழியர்கள் குளிர்ச்சங்கிலியின் முக்கியத்துவத்தைப் புரிந்துகொள்வார்கள்" என்பது உதவாது. புரிந்துகொண்டதை யாராலும் பார்க்க முடியாது. "சரக்கு வாங்குபவர், ஒவ்வொரு லாரியிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன், மூன்று இடத்தில் அளந்து, நின்ற எண்ணை எழுதுவார்." இதைப் பார்க்கலாம், எண்ணலாம்.

இந்த வாக்கியத்தை அச்சடித்து மேசையில் வையுங்கள். பிறகு அந்த 60 பக்க ஆவணத்தை எடுத்து ஒவ்வொரு பத்தியாகப் பாருங்கள். இந்த வாக்கியத்தில் உள்ள செயலுக்கு உதவாத பத்தி வெளியே போகட்டும். விஷயம் தெரிந்த நிபுணருக்கு இது வருத்தமாக இருக்கும், அவர் பல வருடம் சேர்த்த அறிவு அது. தூக்கி எறிய வேண்டாம். "மேலும் படிக்க" என்று தனி பிடிஎஃப் ஆக வைத்துவிடுங்கள். அவரும் மகிழ்வார், படிப்பவர் தலையிலும் சுமை ஏறாது.

மூன்றாம் படி: அவர் கையில் என்ன போன், அதில் எவ்வளவு டேட்டா

இந்த நாட்டில் வேலை செய்பவர் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. அலுவலகத்தில் ஃபைபர் இணைப்பில் உட்கார்ந்து நாம் கோர்ஸ் செய்கிறோம். அதைப் படிப்பவர் டர்பனுக்கு வெளியே உம்லாசியிலோ பீனிக்ஸிலோ இருந்து மினிபஸ் டாக்ஸியில் வருகிறார். மாதக் கடைசியில் அவர் போனில் வாட்ஸ்அப் பண்டல், அதாவது வாட்ஸ்அப்புக்கு மட்டும் செல்லும் டேட்டா, மட்டும்தான் உயிரோடு இருக்கும். தென்னாப்பிரிக்காவின் வணிகப் போட்டி ஆணையம் 2019 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையிலேயே, சிறிய பண்டல் வாங்கும் ஏழைகள்தான் ஒரு எம்.பி.க்கு அதிக விலை கொடுக்கிறார்கள் என்று சொல்லியிருந்தது. அதற்குப் பிறகு 2020-ல் பெரிய செல்போன் நிறுவனங்கள் விலையைக் குறைத்தன. ஆனாலும் சிறிய பண்டல் வாங்குபவர் நிலைமை இன்னும் இடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் சுருக்கிய வீடியோ நிமிடத்துக்கு 7.5 எம்.பி. பத்து நிமிடம் ஓடினால் 75 எம்.பி. அதே பத்து நிமிடத்தைப் படங்களோடும் 64 கிலோபிட் ஒலியோடும் செய்தால், ஒலிக்கு 5 எம்.பி.க்கும் குறைவு, படங்களை ஒழுங்காகச் சுருக்கினால் மொத்தம் 8 எம்.பி.க்குள் முடித்துவிடலாம். யாராவது அசைவதைப் பார்த்தே தீர வேண்டும் என்கிற இடத்தில் மட்டும் வீடியோ வையுங்கள். ஊசியை எங்கே செருகுவது, எண் எப்படி நின்று போகிறது என்பதற்கு 20 நொடி வீடியோ நியாயம். நிர்வாக இயக்குநரின் வரவேற்புரைக்கு நியாயம் இல்லை.

அப்புறம் மின்சாரம். 2023-ல் லோட் ஷெடிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, உச்சத்தில் இருந்தபோது அதன் கடுமையான ஆறாம் நிலையே சாதாரண விஷயமாகிவிட்டது. கரண்ட் போனால் சில இடங்களில் செல்போன் கோபுரமும் பேட்டரி தீர்ந்து படுத்துவிடும். 2024 மார்ச் கடைசியிலிருந்து நிலைமை மிகவும் தேறிவிட்டது, நல்லது. ஆனால் கேபிள் திருட்டும் பழுதும் இருக்கும்வரை, நடுவில் துண்டிக்கப்பட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும் கோர்ஸ்தான் இங்கே கோர்ஸ். எந்த நிமிடத்திலும் இணைப்பு போகும் என்று வைத்துக்கொண்டே வடிவமையுங்கள். ஒவ்வொரு பகுதியும் ஐந்து நிமிடத்துக்குள் முடியட்டும்.

இதில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு. கம்பெனிக்குத் தேவையான பயிற்சியை ஊழியர் தன் சொந்த டேட்டாவில், வீட்டில், சம்பளமில்லாத நேரத்தில் படிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் எதிர்த்துப் பேசுங்கள். கேன்டீனில் ஒரு வைஃபை, பழைய டேப்லெட் இரண்டு, ஷிஃப்ட் தொடங்கும் முன் சம்பளத்தோடு பத்து நிமிடம். இவ்வளவுதான் கேட்க வேண்டும். ஷாப் ஸ்டூவர்டையும் (வேலையிடத்தில் உள்ள யூனியன் பிரதிநிதி) ஆரம்பத்திலேயே பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். யூனியனுக்குக் கடைசியில் தெரியவந்த எந்தத் திட்டமும் இங்கே சுமூகமாகப் போனதை நான் பார்த்ததில்லை.

நான்காம் படி: எந்த மொழி

2022 கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் வீட்டில் ஜூலு பேசுபவர்கள் 24.4 சதவீதம், ஆங்கிலம் 8.7 சதவீதம். ஆனால் கம்பெனிப் பயிற்சி ஏறத்தாழ எல்லாமே ஆங்கிலத்தில். சுரங்கங்களில் நெடுங்காலம் ஃபனகலோ என்ற கலப்பு மொழியில் பயிற்சி கொடுத்தார்கள். கட்டளை போட மட்டும் பயன்பட்ட மொழி என்று அதன்மேல் பலருக்கு இன்றும் கசப்பு உண்டு. மொழி என்பது இங்கே மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் என்பதை மறக்க வேண்டாம்.

அந்தக் குளிர்பதனக் கிடங்கு கோர்ஸை ஜூலுவில் செய்தபோது, மொழிபெயர்ப்பில் டெம்பரேச்சருக்கு "இசிங்கா லோகுஷிசா" என்று வந்திருந்தது. அகராதிப்படி சரிதான், சூட்டின் அளவு என்று பொருள். மைனஸ் 18-ல் நிற்கும் ஆளுக்கு சூட்டின் அளவைப் பார் என்று சொன்னால் அவர் ஒரு கணம் நின்று யோசிக்கிறார். மேடையில் எல்லோரும் "டெம்பரேச்சர்" என்றே சொல்கிறார்கள். நம் கதையும் அதுதானே: புத்தகத்தில் வெப்பநிலை, ஆஸ்பத்திரியில் டெம்பரேச்சர். மேடையில் புழங்கும் சொல்லையே வைத்தோம், குழப்பம் தீர்ந்தது.

ஆகவே மொழிபெயர்ப்பை எங்கே வாங்கினாலும், அந்த வேலையைச் செய்யும் தாய்மொழிக்காரர் ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம். ஆங்கிலத்திலேயே வைப்பதாக இருந்தாலும் வாக்கியங்களைச் சிறியதாக எழுதுங்கள். வீடியோவுக்குக் கீழே எழுத்து ஓடட்டும். 2023-ல் தென்னாப்பிரிக்க சைகை மொழி இந்த நாட்டின் 12-ஆவது அதிகாரபூர்வ மொழியானது. காது கேளாத சக ஊழியர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். இயந்திர இரைச்சலில் பார்ப்பவருக்கும் அதே எழுத்துதான் உதவுகிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது உலக அளவில் ஒத்துக்கொண்ட அளவு; வெளிர் சாம்பல் எழுத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: பாடம் எழுதாதீர்கள், தருணம் எழுதுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பத்து ஸ்லைடு தகவல், கடைசியில் ஐந்து கேள்வி என்ற அச்சு பள்ளிக்கூடத்திலிருந்து நம் கையோடு வந்தது. அதைத் திருப்பிப் போடுங்கள். முதல் திரையிலேயே ஆளைத் தருணத்துக்குள் இறக்குங்கள்:

"காலை 5.40. மூன்றாவது மேடையில் லாரி நிற்கிறது. கதவருகே உள்ள பெட்டியில் மைனஸ் 18. டிரைவர் சொல்கிறார்: 'சீக்கிரம் கையெழுத்துப் போடுப்பா, இன்னும் இரண்டு இடம் போகணும்.' என்ன செய்வீர்கள்?"

கையெழுத்துப் போடுகிறேன் என்று அழுத்தினால் "தவறு" என்று சிவப்பில் காட்ட வேண்டாம். காலை 11 மணிக்குக் கடையிலிருந்து திரும்பி வந்த பட்டாணிப் பொட்டலத்தின் படத்தைக் காட்டுங்கள். உதிரியாக இருக்க வேண்டிய பட்டாணி ஒரே கட்டியாக இறுகிக் கிடக்கிறது. இளகி மறுபடியும் உறைந்ததற்கு அதுதான் அடையாளம். கூரைவரை அடுக்கியதில் காற்றோட்டம் அடைபட்டு, நடுவில் மைனஸ் 9-தான் இருந்திருக்கிறது என்று இரண்டு வரி. அவ்வளவுதான். விளைவைப் பார்த்தவருக்குத் தவறு என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு மூன்று இடத்தில் அளக்கும் 20 நொடி வீடியோ வரட்டும். இப்போது அதைக் கேட்க அவருக்கு ஒரு காரணம் இருக்கிறது.

தவறான விடைகளை எங்கே கண்டுபிடிப்பது? உட்கார்ந்து யோசித்து எழுதாதீர்கள். முதல் படியில் போய் நின்றீர்களே, அங்கே பார்த்த உண்மையான தவறுகள்தான் உங்கள் தவறான விடைகள். யாரும் செய்யாத முட்டாள்தனத்தை ஒரு விடையாக வைத்தால் படிப்பவர் உங்களை மதிக்கமாட்டார். இன்னொன்று, சரியான விடையை மட்டும் நீளமாக எழுதும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. விஷயம் தெரியாதவர்கூட நீளமானதை அழுத்தித் தேறிவிடுவார். எல்லா விடையும் ஒரே நீளமாக இருக்கட்டும். "மேலே உள்ள அனைத்தும்" வேண்டவே வேண்டாம்.

திரையில் உள்ள பத்தியை அப்படியே குரலில் படிக்கவும் கூடாது. கண் ஒரு வேகத்தில் படிக்கும், காது இன்னொரு வேகத்தில் கேட்கும், இரண்டும் முட்டிக்கொள்ளும். படத்தைக் காட்டிக் குரலில் விளக்குங்கள். எழுத்து வேண்டுமென்றால் இரண்டு மூன்று சொல் போதும். ரிச்சர்ட் மேயர் என்ற கல்வி உளவியலாளர் பல வருடம் சோதனை செய்து காட்டிய விஷயம் இது. மாறாக, சிலர் கண்ணால் படிப்பவர்கள், சிலர் காதால் படிப்பவர்கள், ஆளுக்கொரு பாணியில் கோர்ஸ் செய்யுங்கள் என்று யாராவது விற்க வந்தால் பணம் கொடுக்காதீர்கள். 2008-ல் உளவியலாளர்கள் சிலர் அந்த ஆய்வுகளையெல்லாம் புரட்டிப் பார்த்து, அதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

இதையெல்லாம் முதலில் சாதாரண வேர்டு ஆவணத்தில் எழுதுங்கள். இடப்பக்கம் திரையில் தெரிவது, வலப்பக்கம் கேட்கும் குரல், கீழே எதை அழுத்தினால் என்ன நடக்கும். இதுதான் ஸ்டோரிபோர்டு. நிபுணரின் ஒப்புதலை இந்த நிலையிலேயே எழுத்தில் வாங்குங்கள். எல்லாம் கட்டி முடித்தபின் வரும் ஒரு திருத்தம் ஒரு நாளைத் தின்னும்.

ஆறாம் படி: இப்போது சாஃப்ட்வேர்

சரி, எல்லோரும் கேட்ட கேள்விக்கு வந்துவிட்டோம்.

பணமில்லாமல் தொடங்க மூடில் (Moodle) என்ற மென்பொருள் போதும். மார்ட்டின் டூகியாமஸ் என்ற ஆஸ்திரேலியர் தொடங்கியது, 2002-லிருந்து வெளிவருகிறது, திறந்தமூல மென்பொருள். பயிற்சிகளை வைக்கவும் யார் முடித்தார்கள் என்று பதியவும் உதவும் இடத்தை எல்.எம்.எஸ் என்பார்கள், மூடில் அந்த வகை. அதற்குள் ஹெச்-ஃபைவ்-பி என்ற இலவசக் கருவியால் கேள்விகள், கிளை பிரியும் கதைகள் எல்லாம் செய்யலாம். கம்பெனி பணம் கொடுத்தால் ஆர்ட்டிகுலேட் நிறுவனத்தின் ஸ்டோரிலைனும் ரைஸும். ரைஸில் செய்தது போன் திரைக்குத் தானாகவே மடங்கிக்கொள்ளும். ஸ்டோரிலைனில் நினைத்ததையெல்லாம் செய்யலாம். ஆனால் ஸ்லைடு போனில் சுருங்கித் தெரியும், எழுத்தைப் பெரிதாக வைக்க வேண்டும். முதல் வருடத்துக்கு ரைஸோ ஹெச்-ஃபைவ்-பியோ தாராளம்.

கோர்ஸும் எல்.எம்.எஸ்ஸும் பேசிக்கொள்ளும் பொதுவான முறைக்கு ஸ்கார்ம் என்று பெயர். 1.2 பதிப்பு 2001-ல் வந்தது; இத்தனை வருடம் ஆகியும் பரவலாகப் புழங்குவது அதுதான். மூடிலும் அதைத்தான் முழுமையாக ஆதரிக்கிறது. இதில் ஒரு பொறி இருக்கிறது, தெரிந்துகொண்டால் ஒரு வாரத் தலைவலி மிச்சம். எங்கே விட்டீர்கள் என்று நினைவு வைத்துக்கொள்ள ஸ்கார்ம் 1.2 கொடுக்கும் இடம் 4,096 எழுத்துகள்தான். நீளமான ஸ்டோரிலைன் கோர்ஸ் அதைத் தாண்டிவிடும். அப்போது ஊழியர் திரும்ப வந்து திறந்தால் முதல் ஸ்லைடிலிருந்து தொடங்கும், அல்லது முடித்தது முடியாததாகக் காட்டும். கோர்ஸை இரண்டு மூன்றாக உடைப்பதுதான் எளிய தீர்வு. ஐந்து நிமிடப் பகுதிகளாகச் செய்திருந்தால் இந்தப் பிரச்சினையே வராது.

எக்ஸ்-ஏபிஐ என்ற புதிய முறையின் முதல் முழுப் பதிப்பு 2013-ல் வெளிவந்தது. எல்.எம்.எஸ்ஸுக்கு வெளியே நடப்பதையும் அதில் பதியலாம். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், முதல் வேலைக்குத் தேவைப்படாது.

மூலக் கோப்புகளைப் பத்திரமாக வையுங்கள். 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி நிறுவனம் பிரவுசரில் அசைபடம் காட்டும் தன் ஃப்ளாஷ் மென்பொருளை நிறுத்தியபோது, ஃப்ளாஷில் செய்து மூலக் கோப்பைத் தொலைத்த எத்தனையோ கோர்ஸ்களை முதலிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. படங்கள், குரல் பதிவுகள், ஸ்டோரிபோர்டு எல்லாம் ஒரே ஃபோல்டரில், தேதியோடு.

ஏழாம் படி: மூன்று பேரிடம் கொடுத்துப் பாருங்கள்

எல்லோருக்கும் வெளியிடும் முன், அந்த வேலை செய்யும் மூன்று பேரிடம், அவர்கள் போனிலேயே கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். உதவி செய்யாதீர்கள், வாயைத் திறக்காதீர்கள். விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை "தொடர" பொத்தானை வலது கீழ் மூலையில் வைத்திருந்தேன். ஒரு அக்கா போனை இடது கையில் பிடித்து அந்தக் கையின் கட்டைவிரலாலேயே அழுத்தப் பார்த்தார், எட்டவில்லை. வலது கையில் சாப்பாட்டு டப்பா. பொத்தானைத் திரையின் முழு அகலத்துக்கும் நீட்டினேன். அலுவலகத்தில் அது எனக்குத் தோன்றியிருக்காது.

எட்டாம் படி: வெளியிட்ட பிறகு

ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-லேயே தன்மேல் சோதனை செய்து, படித்தது எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று எழுதினார். அவர் மனப்பாடம் செய்தது பொருளில்லாத அசைகள், ஆகவே அவர் பெயரில் புழங்கும் மறதி வளைகோட்டில் உள்ள சதவீதங்களை அப்படியே தூக்கிக் கிடங்கு ஊழியர்மேல் போட வேண்டாம். ஆனால் மறதி உண்மை. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் செய்த சோதனையில், ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிடத் தங்களையே சோதித்துக்கொண்டவர்கள் அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். இதை நடைமுறையில் கொண்டுவர வாட்ஸ்அப்பே போதும். மூன்றாம் நாள் ஒரு கேள்வி, பத்தாம் நாள் ஒன்று, மாதம் கழித்து ஒன்று. கேள்வி ஒரு படமாக இருக்கலாம்: "இந்த லாரியை வாங்குவீர்களா?" பதில் மறுநாள் காலை. கம்பெனி எண்ணிலிருந்து, வேலை நேரத்தில், வேண்டும் என்று சொன்னவர்களுக்கு மட்டும்.

அளவிடுவதைப் பற்றி டொனால்டு கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-ல் எழுதிய நான்கு நிலைகளை இன்றும் எல்லோரும் பேசுகிறார்கள்: பிடித்திருந்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, அதனால் கம்பெனிக்கு என்ன பலன். முதல் இரண்டையும் எல்.எம்.எஸ் சொல்லிவிடும். மூன்றாவதுதான் முக்கியம், அதற்கு நீங்கள் மறுபடியும் காலை ஐந்து மணிக்குப் போய் நிற்க வேண்டும். தாளில் மூன்று எண் எழுதியிருக்கிறதா, மூன்றும் ஒரே எண்ணாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே எண்ணாக இருந்தால் ஒரு இடத்தில்தான் அளந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இப்போது எல்லோரும் பேசும் புதுசுகள்

குறுங்கற்றல் என்று தலைப்பில் போட்டு ஒரு மணி நேர கோர்ஸைப் பன்னிரண்டாக வெட்டிக் கொடுப்பவர்கள் உண்டு. வெட்டினால் மட்டும் போதாது. ஒவ்வொரு துண்டும் தனியாக ஒரு செயலைச் சொல்லித்தர வேண்டும். மெய்நிகர் (VR) தலைக்கவசம் சுரங்கம் போன்ற ஆபத்தான இடங்களுக்கு உண்மையாகவே பொருந்துகிறது. நிலத்தடியில் போய்த் தவறு செய்து பார்க்க முடியாதல்லவா. அலுவலகப் பயிற்சிக்கு அந்தப் பணம் வீண் என்பது என் எண்ணம்.

செயற்கை நுண்ணறிவை நான் தினமும் பயன்படுத்துகிறேன். நீளமான ஆவணத்தைச் சுருக்க, தருணங்களுக்கு முதல் வரைவு எழுத, குரல் பதிவு செய்ய. ஆனால் விதிகளை அது தானாகச் சேர்த்துச் சொல்லும். எண்ணும் சட்டமும் வரும் ஒவ்வொரு வரியையும் மூல ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். ஜூலு குரலைத் தாய்மொழிக்காரர் கேட்டுச் சரி சொல்லாமல் வெளியிடாதீர்கள். நாக்கைச் சொடுக்கி எழுப்பும் மூன்று வகை ஒலிகள் அந்த மொழியில் உண்டு. அது பிசகினால் கேட்பவர் பாடத்தை விட்டுவிட்டுக் குரலைக் கவனிக்கத் தொடங்கிவிடுவார். ஊழியர்களின் பெயர், மதிப்பெண் உள்ள எதையும் பொதுவான கருவிகளில் ஒட்டவே கூடாது.

சட்டமும் பணமும்

வருடச் சம்பளக் கணக்கு 5 லட்சம் ராண்டைத் தாண்டும் கம்பெனிகள், சம்பளத் தொகையில் 1 சதவீதத்தைத் திறன் மேம்பாட்டு வரியாகக் கட்டுகின்றன. 1999-ஆம் ஆண்டுச் சட்டம் இது. செட்டா எனப்படும் துறைவாரிப் பயிற்சி ஆணையங்களுக்கு அந்தப் பணத்தில் பெரும்பகுதி போகிறது. பயிற்சித் திட்டத்தையும் பயிற்சி அறிக்கையையும் ஏப்ரல் 30-க்குள் சமர்ப்பித்தால் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். உங்கள் எல்.எம்.எஸ் பதிவுகள் அங்கே சான்றாகப் பயன்படும் என்பதால், கம்பெனியில் இதைப் பார்க்கும் அதிகாரியை முதல் மாதமே சந்தித்து, எந்த விவரம் எந்த வடிவில் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

1993-ஆம் ஆண்டின் பணியிடச் சுகாதார, பாதுகாப்புச் சட்டம், பயிற்சி கொடுக்கும் கடமையை முதலாளிமேல் வைக்கிறது. திரையில் டிக் விழுந்ததால் கடமை முடிந்துவிடாது. ஃபோர்க்லிஃப்ட் மாதிரியான இயந்திரங்களுக்கு, அங்கீகாரம் பெற்ற இடத்தில் கையால் ஓட்டிக் காட்டிச் சான்றிதழ் வாங்கியே ஆக வேண்டும். அதற்கு முன் கொடுக்கும் அறிமுகமாக மட்டும் இ-லேர்னிங்கை வையுங்கள்.

போபியா என்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. யார் எத்தனை மதிப்பெண், எத்தனை முறை தோற்றார் என்பதெல்லாம் தனிநபர் தகவல். மதிப்பெண் பட்டியலைப் பெயரோடு கேன்டீன் சுவரில் ஒட்டும் வழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

வேலை தேடுபவர்களுக்கு

சான்றிதழைவிடச் செய்து காட்டிய ஒரு மாதிரிதான் நேர்காணலில் பேசும். பழைய கம்பெனியின் கோர்ஸைக் காட்டாதீர்கள், அது அவர்கள் சொத்து. நம் கோயில் அன்னதானச் சமையலறையே நல்ல களம். புதிதாக உதவிக்கு வரும் பிள்ளைகள் பெரிய அடுப்பை அணைக்கும்போது குமிழை மட்டும் திருகிவிட்டு சிலிண்டர் வால்வைத் திறந்தே விட்டுவிடுகிறார்கள். ஒரு சனிக்கிழமை போய் நின்று பாருங்கள், வாக்கியத்தை எழுதுங்கள், ஒரே ஒரு தருணத்தை வைத்து மூன்று நிமிட மாதிரி செய்யுங்கள். 5 எம்.பி.யைத் தாண்ட வேண்டாம். கூடவே ஒரு பக்கம்: என்ன பார்த்தேன், எதை விட்டேன், மூன்று பேரிடம் கொடுத்தபோது எங்கே தடுக்கியது, எதை மாற்றினேன். அந்தப் பக்கத்தைத்தான் வேலை கொடுப்பவர் முதலில் படிப்பார். படம் எடுக்கும் முன் சமையலறைப் பொறுப்பாளரிடம் அனுமதி கேளுங்கள். முகம் தெரியும் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.